வாங்குவது நாம், பார்ப்பது பாட்டி: ஹாலுக்கு ஒரு பெரிய டிவி

65 இஞ்ச் போதுமா, 75 போகலாமா? ஓஎல்இடியா, க்யூஎல்இடியா? நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே விலைகள் வரத் தொடங்கியதும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சுதான். மச்சான் ஒரு மாடல் சொல்வார், ஆபீஸ் நண்பர் இன்னொன்று சொல்வார், யூடியூபில் ஒருவர் மூன்றாவதைச் சொல்வார். எல்லாமே நல்ல டிவியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த டிவி முன்னால் யார், எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறார்கள்?

நம்மில் பலர் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பக்திப் பாடலோ செய்தியோ ஓடும். நாம் வேலைக்குக் கிளம்பிய பிறகு மதியம் முழுக்க சீரியல். நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் கார்ட்டூன், பிறகு கேம். எல்லாரும் தூங்கின பிறகு நாமும் துணையும் ஒரு படம் போடுவோம், பாதியில் தூங்கியும் விடுவோம். பணம் கொடுப்பது நாம். நமக்குக் கிடைப்பது ராத்திரி ஒன்றரை மணி நேரம். பகல் வெளிச்சத்தில் ஆறு, ஏழு மணி நேரம் பார்ப்பது பாட்டியோ அம்மம்மாவோ தாத்தாவோதான். கடைக்காரரும் விமர்சகரும் பெரும்பாலும் பேசுவது ராத்திரி இருட்டில் படம் பார்க்கிறவரைப் பற்றி.

இதில் வசதி மட்டும் விஷயமில்லை. ஹாலில் உள்ள டிவி கண்ணைக் கூசினால், பேச்சு விளங்காவிட்டால், ரிமோட் புரியாவிட்டால் பெரியவர்கள் சண்டை போட மாட்டார்கள். பேசாமல் தங்கள் அறைக்குப் போய் போனில் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதோடு ஹாலில் கேட்டுக்கொண்டிருந்த தமிழும் கதவுக்குப் பின்னால் போய்விடும். நாம் பிள்ளைகளோடு ஆங்கிலம் கலந்து பேசுகிறோம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "இவ ஏன் அழறா?" என்று கேட்கும் அரைமணி நேரம் பல பிள்ளைகளுக்குப் பெரிய தமிழ் வகுப்பு. அந்த இடத்தைக் காப்பாற்றும் டிவிதான் நமக்கு நல்ல டிவி.

முதலில் ஒரு தாள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: யார், எப்போது, என்ன. ஒரு வாரம் கவனித்து எழுதினால் போதும். "அம்மா, காலை 11 முதல் மாலை 4 வரை, ஒரே சேனல்", "மகன், சனி ஞாயிறு, கேம்", "நாங்கள், ராத்திரி 9.30, படம்". இனி வரும் ஒவ்வொரு முடிவுக்கும் இந்தத் தாள்தான் ஆதாரம்.

பகல் 2 மணிக்கு அறையைப் பாருங்கள்

இன்று கடையில் இருப்பவை அடிப்படையில் இரண்டே வகை. ஒன்று எல்சிடி. திரைக்குப் பின்னால் விளக்கு எரியும், முன்னால் உள்ள திரவப் படிகம் அதை மறைத்தும் விட்டும் படம் காட்டும். "எல்இடி டிவி" என்பதும் இதேதான், பின்விளக்கு எல்இடி, அவ்வளவே. க்யூஎல்இடி என்றால் அதே எல்சிடியில் நிறத்தைக் கூட்டும் ஒரு குவாண்டம் டாட் படலம் சேர்ந்திருக்கிறது. மினி எல்இடி என்றால் பின்விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் நிறைய. பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால் கறுப்பு நன்றாக வரும், வெளிச்சமும் அதிகம்.

இன்னொரு வகை ஓஎல்இடி. இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தேவையில்லாதபோது முழுதாக அணைந்துவிடும். அதனால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. முன்பு இப்படித் தானே ஒளிர்ந்த பிளாஸ்மா டிவிகள் 2014-ஓடு சந்தையை விட்டுப் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது இருப்பது ஓஎல்இடி.

எது உங்களுக்கு என்பதை அறையின் வெளிச்சம்தான் முதலில் சொல்லும். பகல் 2 மணிக்குப் பழைய டிவியை அணைத்துவிட்டு, பெரியவர் உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கறுத்த திரையில் என்ன தெரிகிறது? ஜன்னல் முழுசாகத் தெரிந்தால், நாளை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஜன்னல் படத்தின் மேல் நிற்கும். டொரோண்டோவிலோ ஒஸ்லோவிலோ தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே போகும், வெயில் அறைக்குள் ஆழமாக வரும். சிட்னி, மெல்பர்ன் வீடுகளில் இதே தொல்லை வடக்கு ஜன்னலில் இருந்து வரும்.

டிவியை வேறு சுவருக்கு மாற்ற முடியுமா, நல்ல கர்ட்டன் போட முடியுமா என்று முதலில் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு குறைவு. முடியாத அறைக்கு வெளிச்சம் மிகுந்த மினி எல்இடி பொருந்தும். ஜன்னல் சிறிதாக உள்ள பேஸ்மென்ட்டில் தனியாக ஒரு படம் பார்க்கும் அறை அமைக்கிறீர்கள் என்றால் ஓஎல்இடியின் அழகு முழுதாகத் தெரியும்.

நாற்காலி எங்கே என்பதும் முக்கியம். பெரியவர்கள் பல வீடுகளில் ஹீட்டர் பக்கத்தில், ஒரு ஓரமாகத்தான் உட்காருவார்கள். எல்சிடியில் விஏ வகைத் திரைக்கு நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பு, ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் வகைக்கு ஓரம் பிரச்சினையில்லை, கறுப்பு சற்றுச் சாம்பலாக இருக்கும். கடையில் நேராக நின்று மட்டும் பார்க்காமல், உங்கள் வீட்டு நாற்காலி இருக்கும் கோணத்திலும் நின்று பாருங்கள்.

மூலையில் நிற்கும் சின்னம்

ஓஎல்இடி வாங்கத் துணிந்தவர்கள் தாளை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஓஎல்இடி புள்ளிகள் உபயோகத்தில் தேயும். எல்லாப் புள்ளியும் சமமாகத் தேய்ந்தால் தெரியாது. திரையின் ஒரு மூலையில் சேனலின் சின்னமும் கீழே செய்திப் பட்டையும் மாறாமல் நின்றுகொண்டே இருந்தால், அந்த இடம் மட்டும் வேகமாகத் தேய்ந்து, காலப்போக்கில் நிழல்போல ஒரு தடம் விழலாம். ஒரு நாள் ராத்திரி பார்த்ததால் இது வராது. ஒரே சேனல், தினமும் ஆறு மணி நேரம், வருஷக்கணக்கில் என்றால்தான் பயம். நம் வீட்டு மதியம் அப்படித்தானே போகிறது?

கம்பெனிகள் இதற்குப் பாதுகாப்பு வைத்திருக்கின்றன. படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்துவது, சின்னத்தின் வெளிச்சத்தைக் குறைப்பது எல்லாம் தானாக நடக்கும். இன்னொரு வேலை டிவி அணைந்த பிறகு நடக்கும். உதாரணமாக எல்ஜி ஓஎல்இடிகள், மொத்தமாக 4 மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், ஸ்டாண்ட்பையில் இருந்தபடி புள்ளிகளைச் சரிசெய்துகொள்ளும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. "கரண்டு வீணாப் போகுது" என்று பெரியவர்கள் சுவரில் உள்ள ஸ்விட்சையே அணைத்துவிடுவார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பிளக்கிலேயே ஸ்விட்ச் உண்டு, கனடாவில் பவர் பாரில் உண்டு. தினமும் இப்படி அணைத்தால் அந்தச் சரிசெய்யும் வேலை நடக்கவே நடக்காது. ஓஎல்இடி வாங்கினால், "அம்மா, ரிமோட்ல மட்டும் அணைங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாரண்டியில் இந்தத் தடத்துக்குப் பொறுப்பு உண்டா என்று கடையில் கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை இஞ்ச்?

நாற்காலியிலிருந்து சுவர் வரை டேப் வைத்து அளந்தால் பாதி வாதம் முடிந்துவிடும். படத்தில் மூழ்க விரும்புகிறவர்களுக்குத் திரையின் மூலைவிட்ட அளவைப்போல 1.2 மடங்கு தூரம். சாதாரணமாகப் பார்க்க 1.6 மடங்கு. கணக்குப் போட்டால் இப்படி வரும்:

55 இஞ்ச்: 5½ முதல் 7¼ அடி (1.7 முதல் 2.2 மீட்டர்)
65 இஞ்ச்: 6½ முதல் 8¾ அடி (2 முதல் 2.6 மீட்டர்)
75 இஞ்ச்: 7½ முதல் 10 அடி (2.3 முதல் 3 மீட்டர்)
85 இஞ்ச்: 8½ முதல் 11⅓ அடி (2.6 முதல் 3.5 மீட்டர்)

நல்ல 4கே படத்துக்கு முதல் எண்ணுக்கு அருகே போகலாம். நாள் முழுக்க சேனல்கள் ஓடும் ஹாலுக்கு இரண்டாவது எண்ணே வசதி. காரணத்தை அடுத்துப் பார்ப்போம்.

அகலத்தையும் மறக்காதீர்கள். 65 இஞ்ச் திரை சுமார் 144 செ.மீ. அகலம், 75 இஞ்ச் 166 செ.மீ. பல டிவிகளின் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருக்கும், உங்கள் ஸ்டாண்ட் அந்த அகலத்துக்குப் போதுமா என்று பாருங்கள். உயரம் என்றால், உட்கார்ந்த நிலையில் கண் எங்கே இருக்கிறதோ அதன் அருகே திரையின் நடுப்பகுதி வர வேண்டும், தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். ஃபயர்பிளேஸ் மேலே மாட்டினால் போட்டோவில் அழகு. கழுத்து வலிக்காரர் வீட்டில் இருந்தால் வேண்டாம்.

"4கே வாங்கினோம், சீரியல் ஏன் மங்கலா இருக்கு?"

புது டிவி வந்த வாரம் பல வீடுகளில் கேட்கும் புகார் இது. டிவியில் கோளாறு இல்லை. 4கே திரையில் 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். முழு ஹெச்டி சேனல் அனுப்புவது சுமார் 21 லட்சம். பழைய சாதாரண ஒளிபரப்பு 720 x 576, சுமார் 4 லட்சம்தான். அப்படியானால் ஹெச்டி சீரியலில் நாலு புள்ளிக்கு மூன்றை டிவியே ஊகித்து நிரப்புகிறது. பழைய சாதாரண ஒளிபரப்பில் இருபதுக்குப் பத்தொன்பதை ஊகிக்கிறது. திரை பெரிதாகப் பெரிதாக இந்த ஊகத்தின் குறை கண்ணில் படும்.

அதனால் நம் வீடுகளுக்கு 8கே இப்போது தேவையில்லை. அதைவிட முக்கியம், குறைந்த தரப் படத்தை நன்றாகப் பெரிதாக்கும் திறன். விலைப்பட்டியலில் இதற்கு எண் கிடையாது. ஒரே அளவு, ஒரே மாதிரியான திரை என்றாலும் மிக மலிவான டிவிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில். கடைக்குப் போகும்போது போனில் அம்மா பார்க்கும் அதே சீரியலின் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். கடை டிவியில் யூடியூப் இருந்தால் அதைப் போடச் சொல்லிப் பாருங்கள். கடையின் விளம்பர வீடியோவில் கிளி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் தொலைக்காட்சி நொடிக்கு 25 அல்லது 50 படம் என்ற கணக்கில் போகிறது. அமெரிக்கா, கனடாவில் 30, 60. இரண்டும் சரியாக வகுபடாது. செய்திப் பட்டை தடுக்கித் தடுக்கி ஓடினால் பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கள் ஸ்ட்ரீமிங் பெட்டியின் செட்டிங்கில் படத்தின் வேகத்தோடு ஒத்துப்போகும் வசதி இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சதுரத்தை ஒட்டிய வடிவில் எடுக்கப்பட்டவை. திரையை நிரப்ப இழுத்துவிட்டால் நடிகர்கள் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த மாதிரி அகலப் படங்களுக்குப் பட்டை மேலும் கீழும் வரும், 65 இஞ்ச் திரையின் 81 செ.மீ. உயரத்தில் படம் 60 செ.மீ. அளவுக்குத்தான் நிற்கும். ராத்திரி அந்தப் பட்டை கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாக ஒளிர்கிறதா என்பதில் திரையின் தரம் தெரிந்துவிடும்.

பேச்சு கேட்க வேண்டும்

டிவி மெலிந்ததில் பாதிக்கப்பட்டது சத்தம். ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லை, பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ வைத்துவிடுகிறார்கள். வசனம் சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது.

வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பல அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு விளங்கல" என்பார்கள். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடும். பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், சண்டை தொடங்கும்.

என் கருத்தில், பட்ஜெட்டை முழுக்கத் திரையிலேயே கொட்டாமல், ஒரு படி சிறிய டிவி எடுத்து மிச்சத்தில் நடுச் சேனல் தனியாக உள்ள சவுண்ட்பார் வாங்குவது நல்லது. வசனம் அந்த நடு ஸ்பீக்கரில் வரும், அதை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். பேச்சைத் தெளிவாக்கும் மோடும் பல சவுண்ட்பாரில் உண்டு. டிவியின் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய துளையில் இணைத்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும், குறையும். பெரியவர் ஹியரிங் எய்ட் போடுபவர் என்றால், ஸ்பீக்கரும் ப்ளூடூத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மாடலா என்று கேளுங்கள். சில டிவிகளில் ஒன்றை இயக்கினால் மற்றது அணைந்துவிடும். அப்படியானால் பாட்டி தனியாகக் கேட்பார், பக்கத்தில் உள்ள பேத்திக்கு ஒன்றும் கேட்காது.

ரிமோட்

நமக்கு ஐந்து செயலி, மூன்று ரிமோட் பழகிவிட்டது. பெரியவருக்கு வேண்டியது ஒரு பட்டன். ஹெச்டிஎம்ஐ சிஇசி என்ற வசதியை டிவியிலும் பெட்டியிலும் இயக்கினால் ஒரு ரிமோட்டில் இரண்டும் விழிக்கும். டிவி போட்டதும் எந்த இணைப்பு வர வேண்டும் என்பதை அம்மாவின் பெட்டிக்கு வைத்துவிடுங்கள். முகப்பில் அவர் பார்க்கும் செயலி முதலில் இருக்கட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். கடையில் அந்த ரிமோட்டை அம்மா கையில் கொடுத்து, "சத்தத்தைக் குறைங்க பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு

2020-ல் வந்த பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே படத்தை நொடிக்கு 120 முறை அனுப்பக் கூடியவை. அதற்கு 120 ஹெர்ட்ஸ் திரையும் ஹெச்டிஎம்ஐ 2.1 இணைப்பும் வேண்டும். நிண்டெண்டோவும் கார்ட்டூனும் மட்டும் என்றால் இதற்காகக் கூடுதல் பணம் தர அவசியமில்லை.

தவழும் வயதிலோ ஏறும் வயதிலோ பிள்ளை இருந்தால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டாண்டில் நிற்கும் பெரிய டிவியைப் பட்டை போட்டுச் சுவரோடு கட்டுங்கள். சுவரில் மாட்டினால் பலகைச் சுவருக்குப் பின்னால் உள்ள மரச்சட்டத்தில் ஸ்க்ரூ ஏற வேண்டும், வெறும் பலகை தாங்காது. வாடகை வீடு என்றால் ஓட்டை போடும் முன் கேட்டுவிடுங்கள்.

சரி, என்னதான் வாங்குறது?

மூன்று வீடுகளை வைத்துச் சொல்கிறேன்.

பெரியவர் கூடவே இருக்கிறார், ஹாலில் பெரிய ஜன்னல், ஒரு டிவிதான் என்றால்: 65 இஞ்ச் மினி எல்இடி, நடுச் சேனல் உள்ள சவுண்ட்பார். ராத்திரி படத்துக்கு அது குறைந்துபோகாது.

பெரியவர் வருஷத்தில் சில மாதம் வந்து போகிறார், நீங்கள் ராத்திரிப் பட ரசிகர் என்றால்: ஓஎல்இடி தாராளமாக எடுக்கலாம். அவர்கள் வந்திருக்கும் மாதங்களில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, ரிமோட்டில் மட்டும் அணைத்தால் போதும்.

பேஸ்மென்ட்டில் தனி அறை இருக்கிறது என்றால்: கீழே ஓஎல்இடி அல்லது 85 இஞ்ச் எல்சிடி, மேலே ஹாலில் நல்ல 55. கீழே உள்ளதற்குக் காசைக் கொட்டிவிட்டு மேலே பழையதை விட்டுவைக்காதீர்கள். பிள்ளைகள் கீழே, பெரியவர் மேலே என்று வீடு இரண்டாகப் பிரியத் தொடங்குவது இப்படித்தான்.

டால்பி விஷன் முக்கியம் என்பவர்கள் கவனிக்க: சாம்சங் டிவிகளில் அது இருப்பதில்லை, அதற்குப் பதில் ஹெச்டிஆர்10+ இருக்கும். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். அவசரமில்லை என்றால் புது மாடல் வரும் வசந்த காலத்தில் போன வருஷ மாடலின் விலையைப் பாருங்கள். பல நேரம் அதுவே நல்ல பேரம்.

வீட்டுக்கு வந்ததும் கடை வெளிச்சத்துக்கான 'விவிட்' மோடை மாற்றுங்கள். படத்துக்கு ஃபிலிம்மேக்கர் மோட் நன்றாக இருக்கும். படத்தை வழுவழுப்பாக்கும் செட்டிங்கை அணையுங்கள், இல்லாவிட்டால் எந்த சினிமாவும் சீரியல்போல ஆகிவிடும். 2018-ல் டாம் குரூஸே வீடியோ போட்டு அதை அணைக்கச் சொன்னார்.

அட்டைப்பெட்டியை உடனே தூக்கிப் போடாதீர்கள். ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் மூன்று நேரம் சோதியுங்கள்: மதியம் இரண்டு மணிக்கு கர்ட்டன் திறந்தபடி சீரியல், மாலை கேம், ராத்திரி விளக்கணைத்து ஒரு படம். மதியச் சோதனையில் ரிமோட் உங்கள் கையில் இருக்கக் கூடாது. அம்மா தானே போட்டு, தானே சேனல் மாற்றி, முழு எபிசோடும் பார்க்கட்டும். முடிந்ததும், கதையில் இன்றைக்கு என்ன நடந்தது என்று பேத்தியைக் கேட்கச் சொல்லுங்கள்.